பைக் சீட்டுக்குக் காசு போடுமுன்: ஜெல் பேட், காற்று மெத்தை, குஷன் கடை வேலை

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். செங்கல்பட்டு தாண்டும்வரை எந்த பைக் சீட்டும் நல்ல சீட்தான். விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். உளுந்தூர்பேட்டைக்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்கிறீர்கள் என்றால், சீட்டில் ஏதாவது செய்தாக வேண்டும். கடைகளில் மூன்று வழி சொல்வார்கள்: மேலே கட்டிக்கொள்ளும் ஜெல் பேட், காற்று அடைத்த மெத்தை, சீட்டைக் கழற்றி உள்ளே ஃபோம் மாற்றுவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே வண்டியை இன்னும் இரண்டு மூன்று வருடம் ஓட்டப்போகிறவர் நேராகக் குஷன் கடைக்குப் போகலாம். அடிக்கடி வண்டி மாற்றுகிறவரும், வாடகை பைக் எடுத்து மலையேறுகிறவரும் காற்று மெத்தை வாங்கலாம். ஜெல் பேட் நம் ஊர் வெயிலுக்குத் தோதான பொருள் இல்லை.

உட்காரும்போது நம் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முண்டுகள். உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்தால் கையில் தட்டுப்படும். அந்த எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தசையில் ரத்த ஓட்டம் குறைகிறது. முதலில் எரிச்சல், பிறகு குத்தல், கடைசியில் மரத்துப்போகிறது. ஆகவே சீட் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்பதைவிட, அந்த இரண்டு புள்ளியில் விழும் எடையைச் சுற்றியுள்ள சதைக்குப் பரப்பிக் கொடுக்கிறதா என்பதே கேள்வி. ரொம்ப மெதுவான ஃபோமில் எலும்பு ஒரு மணி நேரத்தில் அமுங்கி அடியில் உள்ள பிளாஸ்டிக் தட்டைத் தொட்டுவிடும். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மகிழ்ந்து வாங்கும் சீட்டெல்லாம் நெடுஞ்சாலையில் ஏமாற்றுவது இதனால்தான்.

இந்த எலும்புகள் எங்கே உட்காருகின்றன என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பழைய அட்டைப்பெட்டியின் நெளி அட்டையை ஒரு கெட்டியான முக்காலியில் போட்டு, மெல்லிய துணி உடுத்தி, வண்டி ஓட்டும் கோணத்தில் முன்னே லேசாகச் சாய்ந்து இரண்டு நிமிடம் உட்காருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளம் விழுந்திருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் பள்ளங்களின் நடுவைக் குறித்து, இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு 10 முதல் 14 செ.மீ.க்குள் வரும். இந்த ஒரு எண்ணோடு குஷன் கடைக்குப் போகிறவருக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

அதற்கும் முன்னால் காசில்லாமல் பார்க்க வேண்டியவை உண்டு. டயர் காற்று முதலாவது. பங்க்கில் கேட்காமலே கூடுதலாக ஏற்றிவிடுவது நம் ஊரில் சகஜம்; செயின் கவரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும் அளவுக்குக் குளிர்ந்த டயரில் சரிபார்க்க வேண்டும். அடுத்தது பின் ஷாக்கின் பிரீலோடு, அதாவது அதன் ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைத்திருக்கும் அளவு. தனியாக ஓட்டுகிறவர், முன்பு இருவருக்காக இறுக்கி வைத்ததை அப்படியே விட்டிருந்தால் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேராக வால் எலும்பில் ஏறும். 2021-இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-இல் இதற்கு ஆறு படி இருக்கிறது. டூல் கிட்டில் உள்ள வளைந்த ஸ்பேனரே போதும். அதே கம்பெனியின் இன்டர்செப்டர் 650-இன் பின் சஸ்பென்ஷன் அசையும் தூரம் 88 மி.மீ. மட்டுமே, ஹிமாலயன் 411-க்கு 180 மி.மீ. ஒரே தரமான ஃபோமை இரண்டிலும் போட்டாலும் இன்டர்செப்டரில் ஃபோம்தான் கூடுதல் அடி வாங்கும். அந்த வண்டிக்காரர் ஃபோமைக் கொஞ்சம் கெட்டியாகவே கேட்க வேண்டும்.

மூன்றாவது சரிவு. சீட்டின்மேல் ஓர் அடி ஸ்கேலை நீளவாக்கில் வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறக்கவும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு அளக்கக் கூடாது. பின்சக்கரம் தூக்கி நிற்பதால் சரிவு தப்பாகக் காட்டும். இரண்டு சக்கரமும் தரையில் நிற்க, ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள வேண்டும். டேங்க் பக்கம் 3 டிகிரி சரிந்திருந்தாலே ஒவ்வொரு பிரேக்கிலும் உடம்பு முன்னே வழுக்கும். பிறகு கையால் ஊன்றிப் பின்னே தள்ளிக்கொள்வோம். மணிக்கட்டும் தோளும் அதில்தான் வலிக்கின்றன. தொடை இடுக்கில் மரத்துப்போகிறவர்களுக்கும் காரணம் பெரும்பாலும் இந்தச் சரிவுதான். அதன்மேல் எந்தப் பேட் போட்டாலும் பேட்டும் சேர்ந்து சரியும்.

ஜெல் பேட்

கையில் எடுத்தால் கனமாகவும் குழைவாகவும் இருக்கும், விலையும் குறைவு. ஜெல்லுக்கு அதிர்வை உள்வாங்கும் குணம் உண்மையிலேயே உண்டு. ஒற்றை சிலிண்டர் வண்டியின் நடுக்கம் கொஞ்சம் மட்டுப்படும். ஆனால் ஜெல் நுரையைப் போல அமுங்காது. நசுக்கினால் பக்கவாட்டில் பிதுங்கும், அவ்வளவே. ஒரு சென்டிமீட்டர் ஜெல் எலும்பின் அழுத்தத்தைப் பெரிதாகப் பரப்ப முடியாது. இன்னொன்று, அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மதிய வெயிலில் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு வந்தால் சாதாரண சீட் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும். கறுப்பு உறைக்குள் இருக்கும் ஜெல் ஆறுவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அதிலேயே உட்கார்ந்தால் வியர்வை, வியர்வையால் உராய்வு, உராய்வால் தோல் உரிதல். ஜெல்லைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால் சீட்டுக்குள், மேலே 1 செ.மீ. ஃபோம் மூடியபடி வைப்பது ஒன்றே சரியான வழி.

வலை போன்ற துணியில் வரும் த்ரீ-டி மெஷ் உறை வலிக்கு மருந்தில்லை. வியர்வைக்கு மருந்து. மே மாதத்தில் ஓட்டுகிறவருக்கு அது தரும் சுகம் அதன் விலைக்கு மேல். அடிப்பக்கம் வழுக்காத ரப்பர் புள்ளி இருப்பதாகப் பார்த்து வாங்கினால் போதும்.

காற்று மெத்தை

சக்கர நாற்காலியிலேயே நாளெல்லாம் இருப்பவர்களுக்குப் புண் வராமலிருக்க அமெரிக்காவின் ரோஹோ நிறுவனம் செய்த காற்றறை மெத்தையின் வழிவந்ததுதான் ஏர்ஹாக் என்ற பைக் மெத்தை. இப்போது அதே பாணியில் இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. தத்துவம் எளிது: அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் எலும்பு அமுக்கும் இடத்திலிருந்து காற்று நகர்ந்து சுற்றியுள்ள அறைகளுக்குப் போகிறது. எடை தானாகப் பரவுகிறது. சரியாக அமைத்தால் நீண்ட பயணத்தில் இதற்கு நிகரான இன்னொரு பேட் இல்லை.

அந்த 'சரியாக' என்ற சொல்லில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பலூன் மாதிரி ஊதி வைத்து, 'பந்து மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு' என்று கழற்றி மூலையில் போட்டவர்கள் நிறைய. செய்ய வேண்டியது இது: முக்கால்வாசி ஊதி, வண்டியில் கட்டி, இரண்டு காலும் ஃபுட்ரெஸ்டில் இருக்க வழக்கமான நிலையில் உட்காருங்கள், இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும். வால்வைத் திறந்து காற்றை மெல்ல விடுங்கள். எலும்பு சீட்டைத் தொட்டதும் நிறுத்தி, ஒன்றிரண்டு மூச்சு மட்டும் திரும்ப ஊதுங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் இடையே 1 முதல் 1.5 செ.மீ. காற்று போதும். வெளியிலிருந்து பார்த்தால் மெத்தை தொய்ந்து, காற்றே இல்லாதது போலத் தெரியும். அதுதான் சரியான அளவு.

மலைக்குப் போகும்போது இந்த அளவு மாறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு ஏறுவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மெத்தை இறுகும். குன்னூரில் டீக்கு நிறுத்தும்போது கொஞ்சம் காற்றை விடுங்கள். இறங்கி வந்ததும் திரும்ப ஊத வேண்டும், இல்லாவிட்டால் சமவெளியில் எலும்பு தரைதட்டும். வெயிலில் நிறுத்தும்போதும் இதே கதைதான். வால்வைத் திறந்துவிட்டுப் போனால் தையலும் ஒட்டும் பிழைக்கும்.

குறையும் இருக்கிறது. வளைவில் சாய்க்கும்போது உடம்பு லேசாக மிதப்பது போலிருக்கும்; கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாகப் போகிறவர்களுக்கு இது பிடிக்காது. சீட் உயரம் கொஞ்சம் கூடும். கட்டும் பட்டையைச் சீட்டுக்கு அடியில் விடும்போது ஒயரிங்கை நசுக்காமல், சீட் லாக்கில் சிக்காமல் பார்க்க வேண்டும். மிச்சமாகத் தொங்கும் பட்டை நுனியைக் கட்டாயம் மடித்து டேப் சுற்றுங்கள். அது செயினில் சிக்கினால் வலியைவிடப் பெரிய விஷயம் ஆகிவிடும்.

குஷன் கடை வேலை

சென்னையில் ஜி.பி. ரோடு சீட் கவர் வேலைக்குப் பேர்போனது. மற்ற ஊர்களிலும் ஆட்டோ, கார் சீட் தைக்கும் கடைகளில் பைக் சீட்டும் செய்வார்கள். அவர்கள் கைத்திறமையில் குறையில்லை. கடைக்காரர் உங்களை உட்காரவைத்துப் பார்க்காமல், 'ஒரு இன்ச் ஸ்பாஞ்சு ஏத்திடறேன் சார்' என்று சொல்வதுதான் பிரச்சினை. இருக்கும் வளைவின்மேல் அப்படியே ஓர் அங்குலம் மெது ஃபோம் ஒட்டினால் பழைய சரிவும் இருக்கும், உயரமும் ஏறும், ஒரு மாதத்தில் நடுவில் குழியும் விழும். என்ன வேண்டும் என்று நாம்தான் சொல்லி வாங்க வேண்டும்.

முதல் யோசனை: சொந்த சீட்டை வெட்டாதீர்கள். புதுப்பேட்டை மாதிரி பழைய பாகம் விற்கும் இடத்தில் அதே மாடலுக்கு இன்னொரு சீட் தேடுங்கள். வேலை சரிவராவிட்டால் ஒரிஜினல் பத்திரமாக இருக்கும், வண்டியை விற்கும்போதும் உதவும். பழைய சீட் வாங்கும்போது அடித்தட்டில் விரிசல் இருக்கிறதா, லாக் கொக்கி வளைந்திருக்கிறதா, அடியில் ஃப்ரேமில் உட்காரும் ரப்பர் புஷ்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள். ஒரு புஷ் போய்விட்டாலும் அந்த மூலையில் தட்டு தொங்கி, ஓட்டும்போது அதிர்ந்துகொண்டே இருக்கும். பல சீட்களின் 'காரணம் தெரியாத' வலிக்கு அந்தச் சின்ன ரப்பர்தான் காரணம்.

அடுத்து ஃபோம். டென்சிட்டி என்பது கெட்டித்தன்மை இல்லை. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. 40 டென்சிட்டியிலேயே மெதுவானதும் உண்டு, கெட்டியானதும் உண்டு. ஆனால் டென்சிட்டி குறைந்த ஃபோம் சீக்கிரம் உயிர்விடும் என்பது நிச்சயம். கடையில் சொல்வதை நம்பாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: 30 செ.மீ.க்கு 30 செ.மீ., 5 செ.மீ. தடிமனில் ஒரு துண்டைத் தராசில் வையுங்கள். 40 டென்சிட்டி என்றால் 180 கிராம் இருக்க வேண்டும். 120 கிராமே காட்டினால் அது 27 டென்சிட்டிகூட இல்லை. பல நிறத் தூள்களை அழுத்திச் செய்த ரீபாண்டட் ஃபோமில் 100 டென்சிட்டி என்றால் அதே அளவுத் துண்டு 450 கிராம்.

மெமரி ஃபோம் வேண்டாம். வெயிலில் குழைந்து அடிதட்டும், குளிரில் பலகையாகும். சோபாவுக்கு வரும் மலிவான மெது ஸ்பாஞ்சும் வேண்டாம். அடியில் ரீபாண்டட், நடுவில் எச்.ஆர். எனப்படும் துள்ளல் அதிகமுள்ள ஃபோம், மேலே மெல்லிய மெது அடுக்கு. இந்த மூன்றடுக்குதான் 60 முதல் 85 கிலோ எடையுள்ளவருக்குச் சரிப்பட்டு வருகிறது. அதற்கு மேல் எடை என்றால் ரீபாண்டட் அடுக்கைத் தடிமனாக்கலாம்.

வேலை இப்படிப் போக வேண்டும். உறையைக் கழற்றியதும் வண்டியில் வைத்து நீங்கள் உட்கார்ந்து, எலும்பு படும் இரு புள்ளியையும் மார்க்கரால் குறியுங்கள். அட்டையில் அளந்த இடைவெளியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளிகளை நடுவாக வைத்து சுமார் 25 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில், 2.5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் 2 செ.மீ. விளிம்பும், கீழே 3 செ.மீ. பழைய ஃபோமும் மிஞ்ச வேண்டும். கம்பெனி ஃபோம் அச்சில் வார்த்தது, அடித்தட்டின் மேடுபள்ளத்தோடு பொருந்தி உட்காரும். அதை முழுதாகத் தூக்கி எறிவது தவறு. பள்ளத்தில் 2 செ.மீ. ரீபாண்டட், அதன்மேல் 2 செ.மீ. எச்.ஆர்., கடைசியில் சீட் முழுக்க 1 செ.மீ. மெது ஃபோம். கணக்குப்படி உயரம் 2.5 செ.மீ. ஏறும். உட்கார்ந்ததும் கொஞ்சம் அமுங்கும். உயரம் குறைந்தவர் பள்ளத்தை 3.5 செ.மீ. ஆக்கச் சொன்னால் ஏற்றம் 1.5 செ.மீ.யில் நிற்கும், ஆனால் கீழே 3 செ.மீ. மிஞ்சுகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிவைத் திருத்த, டேங்க் முனையில் 2 செ.மீ. தடிமனாகத் தொடங்கிப் பின்னோக்கி 15 செ.மீ.யில் மறையும் ஆப்பு வடிவத் துண்டை ஒட்ட வேண்டும். கூடவே முன்பக்கத்தின் இரு விளிம்பையும், தொடை உள்பக்கம் உரசும் இடத்தில் 1 செ.மீ. சீவச் சொல்லுங்கள். தொடைக்கு வெட்டு விழாது, கால் தரைக்குச் சீக்கிரம் எட்டும். 1 செ.மீ. சீவினால் 2 செ.மீ. உயரம் ஏறியதே தெரியாமல் போவதுண்டு. சீவுவதற்குக் கத்தியைவிடக் கிரைண்டரில் 40 நம்பர் எமரி வட்டு நல்லது. முடிவில் 80 நம்பர். ஒரே இடத்தில் அழுத்தினால் குழி விழும், கையை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தூள் மூச்சில் போகும், வேலை செய்பவர் மாஸ்க் போடட்டும்.

ஒட்டுப் பசை நிறைய சீட்டைக் கெடுக்கிறது. குஷன்காரர் சொல்யூஷனை முழுப்பரப்பிலும் தாராளமாகத் தடவுவார். காய்ந்ததும் அது ஃபோமுக்கு நடுவே ஒரு கெட்டித் தகடாக நிற்கும். உட்கார்ந்தால் மொறுமொறுவென்று தெரியும். மெல்லிய பூச்சாக, விளிம்பு ஓரங்களிலும் நடுவில் சில புள்ளியிலும் மட்டும் தடவி, இரு பக்கமும் தடவியது பத்து பதினைந்து நிமிடம் ஆறி விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதத்தில் சேர்க்க வேண்டும். ஈரமாக ஒட்டினால் மணம் போக நாள் கணக்காகும், அடுக்கும் நகரும்.

இந்த இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உறை போடாமல், ஃபோமின்மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி டேப் ஒட்டி, பழைய உறையைத் தளர்வாக இழுத்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்துப் போய் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதால் பயனே இல்லை. எங்கே குத்துகிறதோ அங்கே மார்க்கரால் குறித்துக் கொடுத்தால் எமரியால் இன்னும் கொஞ்சம் எடுப்பார்கள். பல கடைகள் ஒரே நாளில் முடித்துக் காசு வாங்கவே விரும்பும். இரண்டு முறை வருவதற்கும் சேர்த்துக் கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. இந்த ஓட்டத்துக்குச் சம்மதிக்காத கடையில் வேலையைக் கொடுக்க வேண்டாம்.

உறையில் ஒரே விதி: எலும்பு படும் இடத்தில் தையல் வரக் கூடாது. டைமண்ட் தையல் பார்க்க அழகு. ஒவ்வொரு ஊசித்துளையும் மழைத்தண்ணீருக்கு வாசல். உட்காரும் பரப்பு தையலில்லாத ஒரே துண்டாகவும், சொரசொரப்பான ரெக்ஸினாகவும், தையல்கள் பக்கவாட்டிலும் இருக்கட்டும். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய பாலித்தீன் தாள் போட்டால் தண்ணீர் இறங்காது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகில், 6 மி.மீ. நீளம் போதும், 10 மி.மீ. பின் தட்டைத் துளைத்து மறுபக்கம் வந்து ஃபோமைக் கிழிக்கும். சீட்டின் முன்பக்க நடுவில் முதல் பின், பின்பக்க நடுவில் அடுத்தது, பிறகு பக்கங்கள், வளைவுகள் கடைசி. ரெக்ஸினைக் கால் மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு இழுத்தால் மடிப்பு விழாது.

சில மாடல்களுக்குக் கம்பெனியே டூரிங் சீட் விற்கிறது. லாக் பொருந்துமா என்ற கவலை இல்லை, உறையும் நன்றாக இருக்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு. அதே சீட் போட்ட வண்டியில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஹிமாலயன் 450 வைத்திருப்பவர் எதற்கும் முன்னால் சீட்டை 825 மி.மீ.யிலிருந்து 845-க்கு ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். முட்டி மடங்கும் கோணம் விரிந்தாலே சிலருக்கு இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும்.

பின்னால் உட்காருபவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவர் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறார், எழுந்து நிற்கவும் முடியாது. அடி அவருக்குத்தான் அதிகம். குஷன் கடையில் ஓட்டுபவர் இடத்தை மட்டும் உயர்த்தினால் நடுவில் இருக்கும் படி குறைந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவர் முன்னே சரிந்து விழுவார். இருவர் இடத்தையும் சேர்த்தே அளந்து, பின் சீட்டுக்கும் 2 செ.மீ. எச்.ஆர். கேளுங்கள். உறை போடுமுன் பார்க்கும் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அவரையும் ஏற்றிக்கொண்டு போங்கள். அவர் எங்கே வலிக்கிறது என்று சொல்கிறாரோ அங்கேயும் மார்க்கர் படட்டும்.